கண்ட கதையும் கட்டிய பாட்டும்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து

சிலப்பதிகாரம் பிறந்த விதத்தை அதன் பதிகமே சொல்கிறது. அரசு துறந்து குணவாயிற் கோட்டத்தில் இருந்த இளங்கோவடிகளிடம் குன்றக் குறவர்கள் கூட்டமாக வருகிறார்கள். வேங்கை மர நிழலில் ஒரு முலை இழந்து நின்ற பெண்ணைத் தேவர்கள் வந்து அழைத்துப் போனதை நாங்கள் கண்ணால் கண்டோம் என்கிறார்கள். அவள் யார், எந்த ஊர், அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதெல்லாம் அவர்கள் பேச்சில் இல்லை. அங்கே இருந்த புலவர் சாத்தனார் மதுரையில் நடந்ததை எடுத்துச் சொல்கிறார். கேட்டு முடித்த அடிகள் இதைப் பாட்டுடைச் செய்யுளாக்குவோம் என்று முடிவு செய்கிறார்.

பதிகம் பிற்காலத்தில் சேர்ந்தது என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அப்படியே இருந்தாலும் அதன் மதிப்பு குறையாது. பழங்கதையிலிருந்து பாட்டு கட்டும் வேலையைத் தமிழர் ஒருவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதற்கு அதுவே நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய வாக்குமூலம். அதில் மூன்று கைகள் இருக்கின்றன: கண்டவர்கள், முன்கதை தெரிந்தவர், கட்டுகிறவர். கண்டவர்கள் மலைக்காரர்கள், முன்கதை தெரிந்தவர் மதுரைப் புலவர், கட்டுகிறவர் சேர நாட்டுத் துறவி. இதிகாசத்தையும் நாட்டார் கதையையும் வரலாற்றையும் பாட்டாக்குவது பற்றி இன்று பேசும்போது நாம் பெரும்பாலும் மூன்றாவது கையை மட்டுமே பார்க்கிறோம். கம்பம் பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டால் முதல் கையைத் தவிர்த்துவிட்டுப் பேசவே முடியாது. அந்தக் கை இங்கே இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். பழங்கதையிலிருந்து பிறந்து நிலைத்த பாட்டுகள் அந்தக் கதையைத் திருப்பிச் சொல்வதில்லை. யாரோ ஒருவர் யாரோ ஒருவரைப் பார்த்துப் பாடும் ஒரு நிலையை அவை கதைக்குள்ளிருந்து பிடித்துக்கொள்கின்றன. மிச்சக் கதையைக் கேட்பவர் பொறுப்பில் விட்டுவிடுகின்றன.

வேங்கை மரத்தடி

மதுரையை எரித்த கண்ணகி வையைக் கரையைப் பிடித்து மேற்கே நடக்கிறாள். பதினான்காம் நாள் நெடுவேள் குன்றத்தில் வேங்கை நிழலில் நிற்கிறாள். வையைக் கரையோடு மேற்கே போகிறவர் இன்றைய தேனி மாவட்டத்துக்குள்தான் வந்தாக வேண்டும். கூடலூருக்கு மேலே, தமிழ்நாடு–கேரள எல்லையில், வண்ணாத்திப்பாறையில் சிதைந்து நிற்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலே அந்த இடம் என்பது பள்ளத்தாக்கு மக்களின் உறுதியான நம்பிக்கை. 1960களில் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி நடந்த வழியைத் தேடித் தாமும் நடந்து வந்து இதே முடிவுக்கு வந்தார். குன்றம் எது என்பதில் பழங்காலத்திலேயே ஒருமித்த கருத்து இல்லை. திருச்செங்கோடு என்றவர்களும் உண்டு. கோயில் பெரியாறு புலிகள் காப்பகக் காட்டுக்குள் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள், சித்ரா பௌர்ணமி அன்று மட்டும், இரு மாநில அதிகாரிகளும் கூடிப் பேசி வழி திறக்கிறார்கள். குமுளி வழியாக ஜீப்பில் போகிறவர்களும் உண்டு, லோயர் கேம்ப் பக்கத்துப் பளியங்குடியிலிருந்து காட்டுப் பாதையில் ஏறுகிறவர்களும் உண்டு.

இடத்தைப் பற்றிய வழக்கை இங்கே தீர்க்கப் போவதில்லை. கவனிக்க வேண்டியது அந்த மரத்தடியில் குறவர்கள் என்ன பாடினார்கள் என்பதே. வஞ்சிக் காண்டத்தின் தொடக்கமான குன்றக்குரவை அதைத்தான் காட்டுகிறது. தினைப்புனம் காத்து, அருவியாடித் திரிந்தவர்கள் கண்ணகியைப் பார்க்கிறார்கள். நீங்கள் யார் என்று கேட்கிறார்கள். மதுரையோடு அரசும் கெட, கணவனை அங்கே இழந்து வந்த தீவினையாட்டி நான் என்ற அளவில் அவள் பதில் முடிந்துவிடுகிறது. பிறகு விண்ணேற்றம். அதைக் கண்டவர்கள் இவளை நம் குலத்துக்குத் தெய்வமாகக் கொள்வோம் என்று தொண்டகத்தையும் சிறுபறையையும் கொட்டி, கொம்பு ஊதி, மணி அடித்துக் குரவைக்குக் கைகோக்கிறார்கள்.

இவ்வளவு பெரிய சம்பவத்தைக் கண்ணெதிரே பார்த்தவர்கள் அதைத்தானே பாட வேண்டும்? பெரும்பாலும் அவர்கள் பாடவில்லை. குரவைப் பாட்டுகளில் பெரும்பகுதி முருகனின் வேலைப் பற்றியும், காதலன் மலையிலிருந்து வரும் அருவியில் ஆடுவது பற்றியும், மகளின் காதல் நோயைத் தெய்வக் குற்றம் என்று நினைத்து வேலனை அழைத்து வெறியாட வைக்கும் தாயைப் பற்றியும். அந்த வெறியாட்டுப் பகுதியில் நல்ல கிண்டல் இருக்கிறது: இந்த நோய்க்கு மருந்தென்று வரும் வேலன் பேதை, அவன் பேச்சைக் கேட்டு வரும் முருகன் அவனிலும் பேதை. இந்தப் பகுதிகளில் சிலம்பும் இல்லை, கோவலனும் இல்லை, பாண்டியனும் இல்லை. கடைசியில்தான் பத்தினி நம் புனத்தில் இருக்கிறாள் என்று அவளை வாழ்த்தித் தங்கள் மணத்துக்கு அருள் கேட்கிறார்கள்.

அந்தச் சம்பவத்தின் கனத்தைக் குறவர்கள் உணரவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. புதிதாக வந்த தெய்வத்தைத் தங்களுக்குத் தெரிந்த பாட்டு முறைக்குள், தங்கள் காதலுக்கும் கல்யாணத்துக்கும் நடுவில், கொண்டுவந்து வைக்கிறார்கள். கதையைச் சொல்லும் வேலை சாத்தனாருடையது. அவர்களுடையது தெய்வத்தை முன்னிலைப்படுத்தும் வேலை. இளங்கோ இந்தப் பிரிவை நன்றாக அறிந்தவர். காண்டத்தின் முடிவை ஒட்டி வரும் வாழ்த்துக் காதையில் மூவேந்தரின் பெருமையையும் பாட வேண்டி வரும்போது அம்மானை, கந்துகம், ஊசல், வள்ளை ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறார். பெண்கள் காய் எறிந்து ஆடும்போதும், பந்தடிக்கும்போதும், ஊஞ்சலில் ஆடும்போதும், உலக்கை பிடிக்கும்போதும் பாடும் பாட்டு வடிவங்கள் அவை. அரச வரலாறு உரலடிக்கு வந்து சேர்கிறது.

பாடியவர் பாட்டையும் கட்டியவர் கையையும் பிரித்துப் பார்க்க முடிகிற இடமும் உண்டு. பின்லாந்தில் எலியாஸ் லோன்ரோட் என்ற மருத்துவர் கரேலியாவின் கிராமத்துப் பாடகர்களிடம் கேட்ட பாட்டுகளைத் தொகுத்து, இணைத்து, 1835இல் ‘கலேவலா’வாக வெளியிட்டார். 1849இல் அதை விரித்து மீண்டும் பதிப்பித்தார். எது பாடகர்களுடையது, எது லோன்ரோட்டின் ஒட்டு என்று அங்கே இன்றும் ஆராய்கிறார்கள். மூலக் குறிப்புகள் இருப்பதால் ஆராய முடிகிறது. நமக்கு அந்த வசதி இல்லை. குறவர் பாட்டில் இளங்கோவின் கை எவ்வளவு என்பதை அளக்க ஒரு வழியும் கிடையாது. ஆனால் குறவர்கள் இதைத்தான் பாடியிருப்பார்கள் என்று அவர் தேர்ந்தது நம் கையில் இருக்கிறது. நமக்கு அது போதும்.

கல்லும் செம்பும்

2006இல் ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில், வைகைக் கரைப் பகுதியில், தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கா. ராஜன் தலைமையில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவை என்று கணிக்கப்பட்ட கற்கள். எழுத்துடைய நடுகற்களில் இவற்றுக்கு மூத்தவை என்று இந்தியாவில் சொல்லத்தக்கவை மிகக் குறைவு. அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுக்கு நட்டது. அந்தக் கூடலூரை இந்தப் பள்ளத்தாக்கின் கூடலூராகவே கொள்பவர்கள் உண்டு. ஆகோள் என்பது மாடு கவர்தல். தொல்காப்பியம் வெட்சித் திணையில் எடுத்துச் சொல்லும் அதே சொல். நடுகல்லுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், வாழ்த்து என்று தொல்காப்பியம் வகுத்த படிநிலைகளைத்தான் இளங்கோவும் வஞ்சிக் காண்டத்துக் காதைகளின் பெயராக வைத்தார். மாட்டுச் சண்டையில் விழுந்த ஒரு ஊர்க்காரனுக்கு உரிய சடங்கு வரிசை ஒரு வணிகர் வீட்டுப் பெண்ணுக்குக் காப்பிய வரிசையானது.

புலிமான்கோம்பைக் கல்லில் ஆறேழு சொற்கள்தான். பெயர், ஊர், சம்பவம். வீரம், அழகு, அழுகை எதுவும் இல்லை. கல் நட்ட அன்று பாட்டு இருந்திருக்கும். வாழ்த்து என்ற படிநிலையே அதற்குச் சாட்சி. கல்லில் தகவலை எழுதினார்கள், பாட்டை வாயில் வைத்துக்கொண்டார்கள். தகவல் இரண்டாயிரம் ஆண்டு தாண்டி வந்துவிட்டது, பாட்டு வரவில்லை. தகவலைப் பாட்டுக்குள் திணிக்க வேண்டிய கட்டாயம் அந்தப் பாடகனுக்கு இல்லை என்பதையும் இந்தக் கல் காட்டுகிறது. அதைச் சுமக்கக் கல் இருந்தது.

இதற்கு நேர் எதிரான வேலையைச் சின்னமனூர்ச் செப்பேடுகளில் பார்க்கலாம். பத்தாம் நூற்றாண்டுப் பாண்டியன் ராஜசிம்மனின் பெரிய செப்பேடு, தானத்தைச் சொல்லும் முன் குலப் பெருமையைச் செய்யுளில் அடுக்குகிறது. புராணக் காலத்துச் சாதனைகளும் மன்னர் கால வெற்றிகளும் ஒரே மூச்சில் வருகின்றன. மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதும் மதுரையில் சங்கம் வைத்ததும் அந்தப் பட்டியலில் உள்ளவை. தமிழ் இலக்கிய வரலாறு எழுதுகிற எல்லோரும் இந்த ஒரு வரிக்காகச் செப்பேட்டைத் தேடிப் போகிறார்கள். வரலாற்றுச் சான்றாக அது பொன். பாட்டாக அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, சின்னமனூரிலும்கூட. எல்லாச் சாதனையையும் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசையில் கட்டிய செய்யுள் அது. பேசுகிறவர் முகமும் தெரியவில்லை, கேட்பவர் முகமும் தெரியவில்லை. இன்றைக்குக் கட்சி மேடைகளில் தலைவரின் சாதனையை அடுக்கும் பாட்டுகளைக் கேட்டால் ராஜசிம்மனின் புலவர் உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

சூட்டைத் தணிக்கும் வேலை

முல்லையாற்றங்கரையில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்குச் சித்திரையில் பெருந்திருவிழா. பார்வை இழந்த பாண்டிய மன்னன் இங்கே அம்மனையும் கண்ணீஸ்வரமுடையாரையும் வேண்டிக் கண் பெற்றான் என்பது தலக்கதை. ஊர்ப்பெயரும் அவன் பெயரால் வந்தது என்பார்கள். மூன்று கிளை உள்ள அத்திமரக் கம்பத்தை நட்டு, ஆற்றிலிருந்து நீர் மொண்டு வந்து அதன் மேல் ஊற்றுகிறார்கள். அக்கினிச்சட்டி எடுக்கிறார்கள், ஆயிரங்கண் பானை செலுத்துகிறார்கள். கண் நோய்க்கு வேண்டுதல் வைத்தவரின் பானை அது. மன்னன் கதை பானையின் துளைகளில் இருக்கிறது. பாட்டில் அதைத் தேடினால் அவ்வளவாகக் கிடைக்காது. அம்மன் பாட்டு எப்போதும் அம்மனைப் பார்த்தே பாடப்படும். இறங்கி வா, மனம் குளிர், பிள்ளையைக் காப்பாற்று, மழை கொடு. முளைப்பாரியைச் சுற்றிக் கும்மி கொட்டும் பெண்கள் பயிர் வளர்வதையும் அம்மன் வருவதையும் ஊர்ப்பெயர்களையும் சேர்த்துப் பாடுகிறார்கள். முன்பாடும் பெண்ணுக்குப் பின்பாட்டு கட்டாயம். அடியின் நீளத்தைத் தீர்மானிப்பது கைதட்டு.

கண்ணகியே இப்படிப் பாடப்படும் இடம் ஒன்று கடல் தாண்டி இருக்கிறது. மட்டக்களப்புப் பகுதிக் கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது ‘கண்ணகி வழக்குரை’ பாடப்படுகிறது, முடிவில் குளிர்த்தி. மதுரையை எரித்து வந்தவளின் வெப்பம் ஆற வேண்டும் என்பதற்காகவே பாடும் பாட்டு அது. வெப்பம் ஆறாவிட்டால் நோய் வரும், மழை பொய்க்கும். சிங்களவரின் பத்தினி வழிபாட்டிலும் இதே கவலை உண்டு. கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பெரிய நூல் அந்தச் சடங்குகளையும் பாடல்களையும் பற்றியது. திருவனந்தபுரம் ஆற்றுக்கால் கோயிலில் பொங்காலைக் காலத்தில் தோற்றம்பாட்டாகக் கண்ணகி கதை பாடுகிறார்கள். தமிழ்நாட்டில் புகழேந்தி பெயரில் வழங்கும் ‘கோவலன் கதை’யோ கண்ணகியைக் காளியின் அவதாரமாக்கி, பாண்டியன் மகளாகவே பிறக்க வைத்து, பெட்டியில் அடைத்து நீரில் விட்டுவிடுகிறது. இளங்கோவைப் படித்தவர்களுக்கு இது பொறுக்காது. ஆனால் ஊமையான ஒரு கேள்விக்கு அது பதில் தருகிறது: பாண்டியனை அழிக்கும் அளவு உரிமை ஒரு வணிகப் பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது? மகள் என்றால் உரிமை வந்துவிடுகிறது. நாட்டார் கதைக்காரரின் தர்க்கம் ரத்த உறவில் ஓடும்.

மதுரை வட்டாரத்தின் ஸ்பெஷல் நாடக மரபும் இந்தப் பள்ளத்தாக்குத் திருவிழாக்களில் வேர்விட்டது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணத்தில் விடிய விடிய ஆட்களை உட்கார வைப்பது தினைப்புனத்தில் வள்ளிக்கும் வேலனுக்கும் நடக்கும் தர்க்கம். கதை எல்லோருக்கும் தெரியும், கடைசியில் கல்யாணம்தான். இருவரும் மாறி மாறிப் பாட்டால் மடக்கிக்கொள்வதில் நடிகரின் சொந்தச் சரக்கு, அன்றைய அரசியல், முன் வரிசையில் இருக்கும் பெரியவர் எல்லாம் உள்ளே வந்துவிடும். குன்றக்குரவையின் வெறியாட்டுக் கிண்டலுக்கும் இதற்கும் இடையில் நேரான வம்சாவளி காட்ட என்னிடம் சான்று இல்லை. ஒரே மலைச் சரிவில் ஒரே முருகனை வைத்து ஒரே குறும்பு இரண்டு முறை நடந்திருக்கிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

பாவலரும் தம்பிகளும்

பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன் புராணம் பாடியவர் அல்லர். கம்யூனிஸ்ட் கட்சி மேடைப் பாடகர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காகத் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களிடையே அவர் பாடிய பாட்டுகள் பேர் போனவை. மூணாறு, தேவிகுளம் தோட்டங்களுக்கு இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து மலையேறிப் போனவர்கள் ஏராளம். மக்கள் வாயில் ஏற்கெனவே இருந்த மெட்டில் புதுச் சொல்லை வைப்பது அவர் வழி. கேட்டவர் மறுநாள் கொழுந்து எடுக்கும்போதே பாடிவிடுவார். தம்பிகள் பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் வளர்ந்தது இந்தக் குழுவில்தான். பாடுகிறவருக்கு எதிரே ஒரு கூட்டம் இருக்கிறது, அதற்குத் தெரிந்த மெட்டிலிருந்துதான் புறப்பட வேண்டும் என்ற பாடம் மேடையில் கிடைத்தது. மெட்டுகளின் ஊற்று தாய் சின்னத்தாயம்மாள் பாடிய பாட்டுகள் என்று இளையராஜா பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்தப் பாடம் இதிகாசத்தைத் தொட்டபோது என்ன ஆயிற்று என்பதை ‘தளபதி’யில் (1991) பார்க்கலாம். மணிரத்னத்தின் படம், இளையராஜாவின் இசை, வாலியின் பாடல்கள், கதை கர்ணனுடையது. ஆற்றில் விட்ட குழந்தை இங்கே சரக்கு ரயிலில் விடப்படுகிறது. படத்தில் எஸ். ஜானகி பாடும் தாலாட்டு ஒன்று உண்டு. அதில் குந்தி என்ற பெயரும் இல்லை, சூரியன் தந்த கவசமும் இல்லை. பெற்றவள் பிள்ளையிடம் பேசுகிறாள், அவ்வளவுதான். பாரதம் தெரிந்தவர் குந்தியைக் கேட்பார். தெரியாதவர் ஒரு தாயைக் கேட்பார். இரண்டு பேருக்கும் பாட்டு முழுமையாகக் கிடைக்கிறது. வியாசர் கர்ணனைப் பற்றி எவ்வளவோ சொன்னார். பிள்ளையைப் பிரிந்த நேரத்தில் குந்தி அவனுக்குச் சொல்லியிருக்கக்கூடியதை இன்னும் பாட இடம் இருந்தது. அதே படத்தில் ஆட்டமும் ஆரவாரமுமாகப் போகும் பாட்டுக்கு நடுவே அப்பர் தேவாரம் நுழைகிறது. எழுதப்பட்டு ஆயிரத்து முந்நூறு ஆண்டு ஆன பதிகம் ஒரு அட்டகாசப் பாட்டை நிறுத்தி வைப்பதை வேறெங்கும் நான் கேட்டதில்லை. கங்கை அமரன் இயக்கிய ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்தின் தீமிதிக் காட்சிப் பாட்டும் வீரபாண்டியில் கேட்கும் முறையில்தான் அமைந்தது: அம்மனைப் பார்த்து, முறையிட்டு, வேகமேறி.

வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்து 1980இல் பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ மூலம் வந்தார்; இசை இளையராஜா. மூவரும் ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பதைச் சினிமா இதழ்கள் சலிக்காமல் எழுதிவிட்டன. இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ‘இருவர்’ (1997) படத்துக்கு வைரமுத்து எழுதிய காதல் பாட்டு. அதன் சொற்கள் புறநானூற்று 112ஆம் பாட்டையும் குறுந்தொகை 40ஆம் பாட்டையும் எடுத்தாள்கின்றன. சங்கச் சொல்லைத் தேநீர்க் கடை வானொலிக்குக் கொண்டுவந்தது சாதாரண வேலை இல்லை; அந்தப் பாட்டுக்குப் பிறகு குறுந்தொகையைத் தேடி எடுத்த இளைஞர்கள் நிறைய. ஆனால் புறம் 112 பாரி மகளிர் பாடியது. சென்ற மாத நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களுடையதாக இருந்தது; இந்த மாத நிலவில் இரண்டும் இல்லை என்று போரில் தோற்ற வீட்டின் இரண்டு பெண்கள் சொல்வது. சினிமாப் பாட்டில் நிலவு மிஞ்சியது, இழப்பு உதிர்ந்துவிட்டது. சொல்லை எடுத்தவர் அதைச் சொன்னவர்களை எடுக்கவில்லை. தாலாட்டில் கதை மறைந்து பேசுகிறவள் நின்றாள். இங்கே சொல் நின்று பேசுகிறவர்கள் மறைந்தார்கள். இனிமையில் குறை சொல்ல முடியாத பாட்டு. பாரியின் மக்களுக்கு அதில் இடமில்லை என்பதே என் வாதம்.

1959இல் வைகை அணை திறந்தபோது நீரில் மூழ்கிய ஊர்களில் வைரமுத்துவின் மெட்டூரும் ஒன்று. அந்த வரலாற்றை எழுத அவர் பாட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனந்த விகடனில் தொடராக வந்து 2003இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ உரைநடை நாவல். இதிகாசம் என்ற பெயரைப் பேயத்தேவர் என்ற சம்சாரியின் வாழ்வுக்கு வைத்தார். ஆயிரக்கணக்கில் பாட்டெழுதிய கை தன் ஊர் மூழ்கிய கதைக்கு உரைநடையை நாடியது. விளைவைப் பார்த்தால், அது சரியான முடிவு.

பென்னிகுயிக் பாட்டு

பள்ளத்தாக்கில் நம் கண்ணெதிரே புராணமாகிக்கொண்டிருக்கும் மனிதர் ஜான் பென்னிகுயிக் (1841–1911). மேற்கே ஓடிய பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பொறியாளர். 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் மன்னரோடு 999 ஆண்டுக் குத்தகை. 1887இல் பணி தொடக்கம். 1895 அக்டோபர் 10இல் ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். சிலப்பதிகாரத்தின் காட்சிக் காதையில் குறவர்கள் மலைப்பொருள்களைச் சுமந்துவந்து செங்குட்டுவனிடம் கண்ணகியைப் பற்றிச் சொன்னது பேரியாற்றின் கரையில். அந்த ஆற்றின் நீர்தான் இன்று கூடலூர், கம்பம் வயல்களில் இருபோக நெல்லாகிறது.

சனவரி 15 அவர் பிறந்த நாள். பாலார்பட்டி போன்ற ஊர்களில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். வீட்டில் படம் மாட்டியிருக்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2013இல் லோயர் கேம்பில் மணிமண்டபம் எழுந்தது. வெள்ளத்தில் கட்டுமானம் அடித்துப் போன பின் அரசு கைவிரித்துவிட, அவர் இங்கிலாந்தில் இருந்த சொத்தையும் மனைவியின் நகையையும் விற்று அணையை முடித்தார் என்பது எல்லோர் வாயிலும் உள்ள கதை; மேடைப் பாட்டிலும் இதுவே உச்சம். ஆவணங்கள் காட்டுவது வேறு. திட்டம் சென்னை மாகாண அரசின் செலவில் நடந்தது. உடன் பணியாற்றிய பொறியாளர் ஏ.டி. மெக்கன்சி 1899இல் எழுதிய திட்ட வரலாறு வெள்ளத்தையும் காய்ச்சலையும் ஆள் கிடைக்காத அவதியையும் பேசுகிறது.

இந்த இடத்தில் பாட்டு கட்டுகிறவர் என்ன செய்வது? நகை விற்ற கதையைப் பொய் என்று தள்ளிவிட்டுச் செலவுக் கணக்கைப் பாட முடியாது. உண்மை என்று சாதிக்கவும் கூடாது. இருபோகம் விளைந்த வீட்டுக்காரர் ஒருவர் தன் பேரப்பிள்ளைக்குச் சொல்லும் பேச்சாக அது வரும்போது, அது சரியான இடத்தில் உட்காரும். வயலுக்குத் தண்ணீர் தந்தவர் தன் வீட்டுப் பெண்ணின் நகையைத் தந்திருப்பார் என்று நம்புவது நன்றிக்கடனை அளக்கும் உள்ளூர் முறை. பொங்கல் வைப்பவருக்கு அணைக்கட்டுச் செலவு சொந்த வீட்டுச் செலவாகத் தெரிகிறது.

எனக்கு இதைவிட உறுத்தும் குறை வேறு. பென்னிகுயிக் பாட்டுகளில் கல் சுமந்தவர்கள் இல்லை. சுண்ணாம்பும் சுர்க்கியும் அரைத்தவர்கள், மலேரியாவிலும் காலராவிலும் காட்டுக்குள் இறந்தவர்கள், குடைவில் வெடி வைத்தவர்கள் எல்லோரும் பெயரில்லாமல் போனார்கள். மாட்டுச் சண்டையில் விழுந்த தீயன் அந்தவனுக்குப் பெயரோடு கல் வைத்த நிலம் இது. அணையில் இறந்தவருக்கு ஒரு ஒப்பாரிகூட நான் பார்த்த தொகுப்புகளில் இல்லை. அப்படி இறந்தவர் ஒருவரின் மனைவி ஆற்றைப் பார்த்துப் பேசியிருப்பாள். இதிகாசத்திலிருந்தும் வரலாற்றிலிருந்தும் பாட்டெழுத ஆசைப்படும் இளைஞர் யாருக்காவது எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றால், அந்தப் பெண்ணிடம் தொடங்கலாம்.

தேனி, கம்பம், உத்தமபாளையம், போடி கல்லூரிகளின் தமிழ்த் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். முளைப்பாரிக் கும்மி, ஏலத்தோட்டத்துக்கு விடியலில் ஜீப்பில் போகும் பெண்கள் பாடுவது, சித்ரா பௌர்ணமி மலைப்பாதைப் பாட்டு, பென்னிகுயிக் பொங்கல் பாட்டு ஆகியவற்றைப் பாடுகிறவரின் ஒப்புதலோடு ஒலிப்பதிவு செய்யுங்கள். சொற்களை மட்டும் தாளில் எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்கள். யார் பாடினார், யாரைப் பார்த்துப் பாடினார், பின்பாட்டு யார், எந்த நாள், எந்த வேலைக்கு நடுவில் என்பதையும் குறியுங்கள். முன்பாட்டுப் பாடும் பெண்களில் பலருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. இந்த வேலையை அடுத்த சித்திரைக்குத் தள்ளிப்போட வேண்டாம்.